முனியாண்டி வாளில் ஒரு கறை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் கதவைத் திறந்த கிருஷாந்த், கண்கள் சிவந்து நின்ற ஒரு பெண்ணைக் கண்டான். கிள்ளானில் வாள் தீட்டும் பட்டறை நடத்தும் தங்கமணி அவள்.

"ஆன்டி இருக்காங்களா? கோவில்ல என் பேரையே கெடுத்துட்டாங்க லா!"

அவள் தேடி வந்தது கிருஷாந்தின் பெரியம்மா குணபூசணியை. இரசாயன ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது ஊராரின் புதிர்களை அவிழ்த்துவரும் அந்த அம்மையார், தேநீரைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

முனியாண்டி கோவிலின் புதிய வாளைத் தங்கமணி மூன்று கற்களில் தீட்டி, கண்ணாடிபோல் மெருகேற்றி, சிவப்புத் துணியில் சுற்றி வியாழக்கிழமை ஒப்படைத்திருந்தாள். இன்று திருவிழா. செயலாளர் கமலநாதன் எல்லோர் முன்னிலையிலும் துணியை அவிழ்த்தபோது, வாள் கீறலும் மழுங்கலுமாகக் கிடந்தது. மெஷினில் தேய்த்து ஏமாற்றிவிட்டாள் என்று அவர் ஊரறியச் சொல்லிவிட்டார்.

"சாயந்தரம் ஊர்வலம், ஆன்டி. அதுக்குள்ள உண்மை தெரியலன்னா இனி எந்தக் கோவிலும் என் கையில வாள் தராது."

"கிருஷாந்த், காரை எடு" என்றார் குணபூசணி.

கோவிலின் ஆயுத அறையில் அரிவாள்களும் வேல்களும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் முனையிலும் ஓர் எலுமிச்சம்பழம் குத்தப்பட்டிருந்தது.

"சாவி என்கிட்டயும் பூசாரி பரமேஸ்வரன்கிட்டயும்தான் இருக்கு. இன்னைக்கு வரைக்கும் அந்தத் துணி முடிச்சை ரெண்டு பேருமே தொடலை" என்றார் கமலநாதன். பரமேஸ்வரன் தலையை மட்டும் அசைத்தார்.

குணபூசணி வாளைச் சன்னலோரம் கொண்டுபோய் உருப்பெருக்கியால் பார்த்தார். கிருஷாந்துக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"பெரியம்மா, செயலாளர்தான்! வேற பட்டறைக்கு வேலையத் தள்ளப் பாக்குறார்" என்று கிசுகிசுத்தான்.

"போன தடவையும் இப்படித்தான் ஒரு அப்பாவியப் பிடிச்ச. சும்மா இரு."

சற்று நேரத்தில் அவர் எல்லோரையும் மண்டபத்திற்கு அழைத்தார்.

"மெஷின்ல தேச்சா இரும்பு சூடேறி நீலம் பாயும். இதுல துளி நீலம் கிடையாது. கீறல் எல்லாம் வட்ட வட்டமா இருக்கு, சட்டி தேய்ச்ச மாதிரி. கையால தேய்ச்சது. முனைப் பக்கம் ஒரு கருப்புக் கறை இருக்கு, பாருங்க. கறைக்குள்ள கீறல் வெள்ளையா மின்னுது. அப்படின்னா?"

"கறை முதல்ல வந்திருக்கு, கீறல் அப்புறம்!" என்றான் கிருஷாந்த்.

"சரி. புதுசா மெருகேத்தின இரும்புல புளிப்புச் சாறு ஒரு ராத்திரி நின்னா இப்படிக் கருக்கும். தங்கமணி, உன் பட்டறையில எலுமிச்சை உண்டா?"

"ஐயோ ஆன்டி! ஈரத்தையே தொடச்சி எண்ணெய் பூசி வைக்கிறவ நான். எலுமிச்சையக் கிட்ட விடுவேனா?"

"அப்போ கறை இங்க வந்த பிறகுதான். பூசாரி ஐயா, அந்த அறையில பழம் குத்துறது யாரு?"

"நான்தாம்மா. வேற யாரையும் தொட விடமாட்டேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன பரமேஸ்வரனின் முகம் மறுகணமே வாடியது.

"வெள்ளிக்கிழமை பூசைக்கு எல்லா ஆயுதத்துக்கும் புதுப் பழம் குத்தினீங்க. புது வாளை மட்டும் விட உங்களுக்கு மனசு வரலை."

"சாமி ஆயுதம் வெறும் முனையோட இருக்கலாமாம்மா? மறுநாள் பழத்த எடுத்தா கருப்பு. மணல்தாள் போட்டுத் தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்க மோசமாச்சு, கூரும் போயிடுச்சு. பயந்து சுத்தி வச்சிட்டேன். காலையில இவர் கத்தும்போது எனக்கு வாயே வரலை. தங்கச்சி, என்னை மன்னிச்சிரு."

கமலநாதன் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். தவறு கோவிலுடையது, தங்கமணியின் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று, காலையில் பழி சொன்ன அதே கூட்டத்திடம் அறிவித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "பட்டறைக்குக் கொண்டு போறியாம்மா?" என்று தயங்கிக் கேட்டார்.

"எதுக்கு? எல்லாரும் பாக்கத்தானே திட்டுனீங்க? எல்லாரும் பாக்கவே தீட்டுறேன்."

பரமேஸ்வரன் மோட்டார் சைக்கிளில் விரைந்து அவளுடைய கற்களைக் கொண்டுவந்தார். மண்டபத்தின் நடுவே அமர்ந்து அவள் வாளைக் கல்லில் இழுத்துத் தீட்டத் தொடங்கினாள். சொரசொரப்பான கல்லில் கரகரத்த ஓசை, அடுத்த கல்லில் தணிந்து, கடைசிக் கல்லில் பட்டுச்சேலை உரசுவதுபோல் மெலிந்தது. கறை கரைந்து, விளிம்பில் ஒளிக்கோடு ஒன்று முனைவரை ஓடியது. பெரியம்மாவோடு எத்தனையோ வழக்குகளைக் கண்ட கிருஷாந்துக்கு அன்று மெய்சிலிர்த்தது.

"போதுமாம்மா? ஊர்வலம் கிளம்பணும்" என்றார் கமலநாதன்.

தங்கமணி நிமிரவில்லை. "ஊர்வலம் நிக்கட்டும்லா. இது என் கைவேலை."

ஊர்வலத்துக்கு வந்த உருமி மேளக்காரர்கள் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.