மறுகை எழுதிய கடிதங்கள்

காலை எட்டு மணிக்குத் தபால் தணிக்கை நிலையத்தில் செலின் கையுறை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். தீவிலிருந்து வந்த கடிதங்களை ஒவ்வொன்றாக ஸ்கேனரில் வைத்தாள். பக்கத்திலிருந்த ‘மறுகை’ எந்திரம் அவற்றை அனுப்பியவரின் கையெழுத்திலேயே புதுத் தாளில் எழுதித் தள்ளியது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் நகல் உறைக்குள் போகும். மூலக் கடிதத்தை அவள் கையால் உலையில் போடவேண்டும்.

போர் தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மின்செய்திக்குள் ஒளிந்து வந்த நோய்நிரல்கள் மின்நிலையங்களை அணைத்ததால், கரையொன்றியத்துக்கும் தீவரசுக்கும் இடையே தாள் கடிதம் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. தாளில் நச்சுத்தூள் வரக்கூடும் என்பதற்காக மறுகை வந்தது. ‘சொல் மாறாது’ என்று ஒவ்வோர் உறையிலும் அச்சடித்திருந்தார்கள். சொல் மாறும் என்பது செலினுக்குத் தெரியும்.

அன்று ஞானாம்பிகையின் கடிதம் வந்தது. நீரிணை அமைதிச் சங்கத்துக்குத் தீவில் அவள் தலைவி. இந்தக் கரையில் தூத்துக்குடி பிலோமினா டீச்சர். இருவரும் நேரில் சந்தித்ததில்லை. பதினோரு ஆண்டுக் கடிதங்களிலேயே சங்கத்தை வளர்த்திருந்தார்கள். பதினான்காம் தேதி இரு கரைப் பெண்களும் படகுகளில் போய் நடுக்கடலில் கூடுவதாக ஏற்பாடு.

‘வராதீர்கள். எங்கள் கடற்படைக்குச் சுட உத்தரவு வந்துவிட்டது’ என்று ஞானாம்பிகை எழுதியிருந்தாள். ‘வாருங்கள். அனுமதி கிடைத்துவிட்டது’ என்றது நகல்.

செலின் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். “சார், இது தலைகீழா இருக்கு. நூத்திப்பத்துப் பேரு போறாங்க.”

“தெரியும்மா. அவன் சுட்டு நம்ம பொம்பளைங்க செத்தாங்கன்னா, அப்புறம் இங்க எவனும் போர் வேண்டாம்னு வாயத் திறக்க மாட்டான். அமுக்குங்க.”

அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செலின் அமுக்கினாள். அவர் திரும்பியதும் உலையில் ஒரு வெற்றுத் தாளைப் போட்டாள். மூலக் கடிதம் அவள் ரவிக்கைக்குள் போனது.

மறுநாள் மாலை வேலைச் சீருடையிலேயே அவள் பிலோமினா டீச்சர் வீட்டுக்குப் போனபோது, நகல் ஏற்கெனவே மேசைமேல் இருந்தது.

“தணிக்கைக்காரி எதுக்கு என் வீட்டுக்கு வந்திருக்க? பயங்காட்டவா?”

“இதப் படிங்க டீச்சர். இதுதான் அவங்க அனுப்புனது.”

டீச்சர் இரண்டு தாள்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எழுத்து ஒன்றுபோலவே இருந்தது. ஆனால் மூலத்தில் நான்கு இடங்களில் அடித்தல் திருத்தல். ஓரிடத்தில் மை கரைந்து பரவியிருந்தது.

“அடிச்சு அடிச்சு எழுதியிருக்கா. எனக்கு வந்ததுல ஒண்ணுலகூட அடித்தல் கெடையாதே” என்றார் மெதுவாக.

அன்றே சங்கத்துப் பெண்களுக்கு ஆள் அனுப்பினார். படகு ஒன்றும் கிளம்பாது என்று உறுதியான பின்தான் அலமாரியைத் திறந்தார். உள்ளே கட்டுக்கட்டாகக் கடிதங்கள்.

“இதுல எது அவ எழுதினது?”

“எனக்கு முழுசாத் தெரியாது டீச்சர். நான் அங்க சேந்து மூணு வருசந்தான்.”

டீச்சர் தேடி ஒன்றை உருவினார். மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுப் போட்டிருந்தது. “என் மவன் சண்டையில செத்தப்ப வந்தது. ரெண்டு வருசம் ஆச்சு. இத வாசிச்சுத்தான் நான் எந்திரிச்சேன். இது?”

செலினுக்கு அந்த வாரம் நன்றாக நினைவிருந்தது. தீவிலிருந்து தபால்கப்பலே வரவில்லை. டீச்சர் ஒடுங்கிக் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டால், அவற்றைப் படித்து அறியும் சங்கத்தின் திட்டங்கள் அரசுக்குத் தெரியாமல் போகும் என்று மறுகைக்கு உத்தரவு வந்தது. எந்திரம் தானே எழுதியது. பொத்தானை அமுக்கியது செலின்.

“உண்மையச் சொல்லு.”

“அது எந்திரம் எழுதினது டீச்சர். நாந்தான் அனுப்புனேன்.”

டீச்சர் அவளைத் திட்டவில்லை. அந்தக் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை வாசித்தார். “நல்லாத்தான் எழுதியிருக்கு” என்றார். ஒட்டுப் போட்ட மடிப்பிலேயே அதை மடித்தார்.

“நீ போம்மா. உன்னையத் தேடுவாங்க.”

செலின் படியிறங்கும்போது ஜன்னல் வழியே பார்த்தாள். டீச்சர் ஜன்னலோர மேசையில் வெள்ளைத் தாளொன்றை எடுத்து எழுதத் தொடங்கியிருந்தார். ‘அன்புள்ள ஞானாம்பிகைக்கு’ என்று எழுதி, ‘அன்புள்ள’வை அடித்தார். பிறகு அதையே மீண்டும் எழுதினார்.