சந்தையில் வாங்கிய தாத்தா

லியோன் நகரத்திலிருந்து தொண்டு செய்ய வந்த கமீல், மழையோடு புதுச்சேரியில் வந்திறங்கினாள். ஏழைப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லித்தருவது அவள் வேலை. உள்ளூர்ப் பண்பாட்டை அவளுக்கு ஊட்டிவிடுவது, சேவை மையத்தின் ஒருங்கிணைப்பாளன் நெடுமாறனின் வேலை. அவள் தலைமையகத்துக்கு நல்லபடியாக எழுதினால் அவனுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் காலாப்பட்டுக்குப் பஸ் ஏறி, மாமனாரின் மீன் ஏலத்தில் போய் நிற்க வேண்டியதுதான்.

மையத்துக்கு வயது நான்கு. வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழமை பிடிக்குமென்று, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய படத்தை வாங்கி நடு அறையில் மாட்டியிருந்தான். கோட்டு, முறுக்கு மீசை, விரலிடுக்கில் சுருட்டு. கீழே பித்தளைத் தகட்டில் ‘நிறுவனரின் தாத்தா’.

காலையில் கமீலுக்கு இலையில் சாப்பிடப் பயிற்சி.

“ஒங்க பக்கமா மடிச்சா, சாப்பாடு நல்லாருந்துது, மறுபடி வருவேன்னு அர்த்தம்.”

மத்தியானம் ‘முன்னோர் படையல்’. திதியுமில்லை, திவசமுமில்லை. நிகழ்ச்சி நிரலில் செவ்வாய்க்கிழமை காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. சமையற்காரி கலையரசி படத்தின் முன் இலை போட்டு, சோறும் வஞ்சிரக் குழம்பும், பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்தாள்.

“பேரு சொல்லிக் கூப்புடணும் சார். இவரு பேரு இன்னா?”

“சும்மா தாத்தான்னு கூப்புடேன். யாரு வந்து கேக்கப் போறா?”

அவள் கற்பூரம் காட்டினாள். “நீங்க யாரா இருந்தாலும் வந்து சாப்புடுங்க.”

மூவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள்.

“அவங்க சாப்புடறத நாம பாக்கக் கூடாது,” என்று நெடுமாறன் கமீலுக்கு விளக்கினான். “அப்புறம் மூணு தட்டு தட்டிட்டுத் தொறப்போம்.”

மழைச் சத்தம். ஈரச் சுண்ணாம்பின் வாடை.

உள்ளே யாரோ மீன் முள்ளைச் சப்பும் சத்தம்.

கமீல் கண்கள் விரியக் கிசுகிசுத்தாள். “ரொம்ப இயல்பாக இருக்கிறது. உள்ளே யாரை உட்கார வைத்திருக்கிறீர்கள்?”

அவன் யாரையும் வைக்கவில்லை.

“பூனையா இருக்கும்,” என்றான். உள்ளே தண்ணீர் மடக் மடக்கென்று இறங்கியது; சொம்பு தரையில் ‘ணங்’ என்றது.

“பூன தண்ணி குடிச்சிட்டு, சொம்பக் கீழ வைக்குமா சார்?” என்றாள் கலையரசி.

ஓர் ஏப்பம். பிறகு ஒன்றுமில்லை.

நெடுமாறன் மூன்று முறை தட்டித் திறந்தான். அறை முழுக்கச் சுருட்டு வாடை. ஆள் இல்லை. இலை மடிந்து கிடந்தது.

கமீல் கைதட்டினாள். “தன் பக்கமாக மடித்திருக்கிறார்.”

அன்றைக்கே அவள் உருகி உருகி எழுதிப்போட்டாள். மறுநாள் மத்தியானம் தலைமையகத்தின் பதில் வந்தது: வேலை நிரந்தரம். படையலும் நிரந்தரம், வரும் தொண்டர் ஒவ்வொருவருக்கும்.

படித்து முடிக்குமுன் நடு அறைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

உள்ளேயிருந்து மூன்று தட்டு. நிதானமாக.

கலையரசி சமையலறை வாசலில் வந்து நின்றாள். குரலை இறக்கிக் கேட்டாள்.

“சார், இன்னிக்கி மீனே வாங்கல. இன்னான்னு சொல்ல?”