கவிநிலா தூக்கிப் பிடித்த மனு

வேங்கிக்கால் ஊரே அதிர்ந்துகொண்டிருந்தது! பம்பை மேளம் ஒரு பக்கம், பட்டாசு ஒரு பக்கம். கவிநிலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பின்னே? அவள் அம்மா தமிழ்செல்வி எம்.பி. ஆகிவிட்டார். நாளைக்கு டில்லியில் பதவியேற்பு!

கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர்தான் அம்மா. திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிறவர்கள் முதலில் இந்தக் கடைக்குத்தான் வருவார்கள். "என்ன வேணும்? ஒரே வரியில சொல்லுங்க" என்று கேட்டு, அம்மாவே மனு எழுதித் தருவார். அப்படி எழுதி எழுதியே ஊரெல்லாம் பழக்கமானார். மக்கள் முதலில் அவரை எம்.எல்.ஏ. ஆக்கினார்கள். இப்போது டில்லிக்கே அனுப்புகிறார்கள்.

அம்மா ஜீப்பில் ஊரைச் சுற்றிவிட்டு, அப்படியே சென்னை விமான நிலையத்துக்குப் போவதாக ஏற்பாடு. அதைப் பார்க்கத்தான் கவிநிலா கடை வாசலில் நின்றாள்.

அப்போது கூட்டம் ஒருவரைக் கடைக்குள் தள்ளிவிட்டது. அவர் அடி அண்ணாமலை கிராமத்து விவசாயி பலராமன். கையில் மூன்று பக்க மனு.

"அம்மாவப் பாக்கணும் பாப்பா. கிட்டயே உட மாட்றாங்க."

கவிநிலா மனுவை வாங்கிப் படித்தாள். முதல் பக்கம் முழுக்க வணக்கம். இரண்டாம் பக்கம் முழுக்க வாழ்த்து. மூன்றாம் பக்கத்தில் நன்றியே வந்துவிட்டது!

"மாமா, எல்லாம் இருக்குது. என்ன வேணும்னு மட்டும் இல்லியே!"

பலராமன் தலையைச் சொறிந்தார். "மரியாதை கம்மியாயிடக் கூடாதுன்னு எழுதினேன். விஷயம் உட்டுப்போச்சு."

"சரி, ஒரே வரியில சொல்லுங்க."

"நாளைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக எங்க ரோட்டுல பஸ்ஸ நிறுத்திட்டாங்க. நாளைக்குத்தான் டவுன்ல உதவித்தொகைப் பரீட்சை. எங்க ஊருப் புள்ளைங்க முப்பத்திநாலு பேரு எப்படிப் போவும்? என் பொண்ணு தேவிப்ரியா நேத்துலருந்து அழுவுறா."

கவிநிலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளும் எழுதப்போகிற பரீட்சைதான் அது.

ஜீப் தெருமுனையில் திரும்பியது. "அம்மா!" என்று கத்தினாள். பம்பைச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

சட்டென்று ஒரு யோசனை! துண்டுத்தாளில் எழுதினாள். மெஷினில் வைத்துப் பெரிதாக்கினாள். வந்த தாளையே வைத்து இன்னும் பெரிதாக்கினாள். ஸ்டூலில் ஏறி, இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பிடித்தாள்.

'நாளை பரீட்சை. பஸ் இல்லை. 34 பிள்ளைகள்.'

ஜீப் கடையைத் தாண்டிப் போனது. ஐயோ! கவிநிலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

கொஞ்ச தூரம் போன ஜீப் சட்டென்று நின்றது. மாலையும் கழுத்துமாக அம்மா இறங்கி ஓடிவந்தார்.

"எந்த ஊரு?"

"அடி அண்ணாமலைம்மா" என்றார் பலராமன். மற்றதைக் கவிநிலா மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"அம்மா, ஃப்ளைட்டு போயிடும்!" என்று கட்சிக்காரர் ஒருவர் பதறினார்.

"போனா அடுத்ததுல போறேன். பரீட்சை வருஷத்துக்கு ஒரு தடவதான்."

அம்மா விறுவிறுவென்று ரோட்டைக் கடந்து கலெக்டர் ஆபீசுக்குள் போனார். பம்பைக்காரர்கள் ஒன்றும் புரியாமல், வாசல் வரைக்கும் பின்னாலேயே அடித்துக்கொண்டு போனார்கள். கால் மணி நேரத்தில் அம்மா சிரித்தபடி வெளியே வந்தார்.

"காலையில எட்டு மணிக்கு ஸ்பெஷல் பஸ். போலீஸ்காரங்களே முன்னால வழி பண்ணிக்கினு வருவாங்க!"

மறுநாள் காலை. பரீட்சை நடக்கும் பள்ளியின் வாசலில் கவிநிலா அப்பாவுடன் நின்றாள். மணி ஒன்பது ஆகியும் பஸ்ஸைக் காணோம். அவள் ரோட்டையே எட்டி எட்டிப் பார்த்தாள்.

அப்பாவின் போன் அடித்தது. டில்லியிலிருந்து அம்மா. கவிநிலா போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"பஸ் வந்துச்சா?"

"இன்னும் வரலம்மா... இரு, இரு! வந்துடுச்சும்மா! தேவிப்ரியா இறங்குறா!" கவிநிலா குதித்தாள். "முப்பத்திரெண்டு... முப்பத்திமூணு... முப்பத்திநாலு! எல்லாரும் வந்துட்டாங்க!"

அந்தப் பக்கம் அம்மா பெருமூச்சு விட்டது நன்றாகக் கேட்டது.

"சரி கண்ணு. இப்ப நான் பார்லிமெண்டுக்குள்ள போறேன். நீயும் உள்ள ஓடு, மணியடிச்சிடப் போறாங்க."