பலகைக்கு அடியில்

"அந்தப் பலகைக்கு அடியில பாறைப் பொந்துக்குள்ள ஒரு குருவிக்கூடு. கூட்டுக்குள்ள நீல நிறத்துல முட்டை கிடக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் சௌந்தரபாண்டியனுக்குத் தான் சொன்னது உறைத்தது. கடையில் கதை கேட்க உட்கார்ந்திருந்தவர்களில் கடையநல்லூர் நூல் வியாபாரி மைதீன் பாட்சா மட்டும் தலையைச் சாய்த்தார்.

"நீங்க பலகைக்கு மேலல்லா நின்னிய அண்ணாச்சி? அடியில இருக்கது எப்படித் தெரிஞ்சுது?"

"ஏதாவது படத்துல பார்த்திருப்பேன் வே" என்றான். எந்தப் படத்திலும் அவன் பார்க்கவில்லை.

எண்பத்தைந்தாம் வருஷம் அவனும் பெத்துராஜும் சீனாவுக்குப் போனார்கள். சங்கரன்கோவிலில் இருவரும் கூட்டாகத் துண்டு வியாபாரம் செய்தவர்கள். காண்டன் நகரத்துக் கண்காட்சியில் புதுத் தறிகளைப் பார்த்துவிட்டு, வந்தது வந்தோம் என்று பெருஞ்சுவர், குயிலின் என்கிற ஊரில் ஆற்றோரத்து மலைகள், சியானில் தோண்டியெடுத்த மண் சிப்பாய்கள் எல்லாம் சுற்றினார்கள். கடைசியில் ஹுவா மலை. செங்குத்துப் பாறையில் இரும்பு முளை அடித்து, அதன்மேல் பலகை போட்ட பாதை. பிடித்துக்கொள்ள ஒரு சங்கிலி. போனவர்கள் இருவர், திரும்பியது சௌந்தரபாண்டியன் மட்டும். கால் வழுக்கிவிட்டது என்றான். உடல் அகப்படவில்லை. ஊர் உச்சுக்கொட்டி நம்பியது.

அதுவரை இருவர் உழைத்தும் 'பெத்துராஜ் கடை' என்றே பெயர் வாங்கிய கடை, இப்போது அவன் பெயருக்கு மாறிவிட்டது. சீனா பார்த்த ஆள் என்று பொழுது சாய்ந்தால் கூட்டம் கூடியது. அவனுக்கு அது பிடித்திருந்தது, அந்தக் குருவிக்கூடு வாயில் வரும்வரை.

மறுநாள் பெத்துராஜின் மனைவி ஞானபூரணமே கடை வாசலுக்கு வந்தாள்.

"ஊருக்கெல்லாம் சொல்லுதிய. எனக்கு மட்டும் இன்னும் ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. சாயங்காலம் வீட்டுக்கு வாங்க."

மறுக்க வழியில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் போனபோது தெருவின் இரு பக்கமும் விசைத்தறிகள் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தன, அந்த அடியில் ஜன்னல் கம்பிகள் மெல்ல அதிர்ந்தன, சித்திரை வெக்கையில் சுவரெல்லாம் அனல் மூச்சு விட்டது, மாலைச் சந்தையிலிருந்து வந்த பிச்சிப்பூ வாசனையோடு கஞ்சி போட்ட நூலின் புளித்த நெடியும் கலந்து கூடத்துக்குள் தேங்கி நின்றது. கைவைத்த மர நாற்காலி ஒன்றை அவள் நடுக்கூடத்தில் போட்டாள். அது பெத்துராஜ் உட்காரும் நாற்காலி. எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

பெருஞ்சுவரில் தொடங்கி, மண் சிப்பாய்களோடு நிறுத்திவிடுவது என்று அவன் முடிவு செய்திருந்தான்.

"மலைமேல மலையா அந்தச் சுவரு வளைஞ்சு போவுது பூரணம். படி ஒவ்வொண்ணும் முழங்கால் உசரம்."

"பொறவு?"

"மேல ஏறினோம். சௌந்தரம் பின்னால மூச்சு வாங்கிட்டே வந்தான்."

தன் காதில் அது விழுந்ததும் அவன் நிறுத்தினான். சௌந்தரமா? தன்னைத்தானே ஏன் அப்படிச் சொன்னான்? ஞானபூரணம் இமைக்காமல் பார்த்தாள்.

அப்போது கரண்ட் போனது. தெருவின் தறிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. அந்த ஓசை போன இடத்தில் காற்று கேட்டது. ஊர்க்காற்று இல்லை. உயரத்தில் பாறையை உரசிக்கொண்டு போகிற காற்று. அவள் அரிக்கேன் விளக்கை ஏற்றிவந்து வைத்தபோது, பிச்சிப்பூ வாசனை இருந்த இடத்தில் பச்சைப் பைன்மரப் பிசினின் நெடி. நாற்காலிக்குக் கீழே குளிர்ந்தது. கணுக்கால்வரை குளிர்ந்தது.

எழுந்து போய்விட வேண்டும் என்று நினைத்தான். வாய் திறந்தது.

"ஏட்டி பூரணம், உனக்குப் பச்சைக்கல் வளையல் ஒண்ணு வாங்கினேன். அவன்கிட்ட காட்டல. சட்டைப்பையிலயே வச்சிருந்தேன்."

அது அவன் குரல்தான். பேச்சு அவனுடையது இல்லை. அந்த வளையலைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது. இந்த வீட்டில் அவளை 'ஏட்டி' என்று கூப்பிட ஒருவனுக்குத்தான் உரிமை உண்டு.

ஞானபூரணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. கொஞ்ச நேரம்தான். பிறகு கண்ணைத் துடைத்தாள். எழுந்து போய் வாசல் கதவைத் தாழ்போட்டாள். திரும்பி வந்து முன்னைவிட நெருங்கி உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க அத்தான். மலையில என்ன நடந்துச்சு?"

"வேண்டாம் பூரணம்" என்று சொல்லத்தான் சௌந்தரபாண்டியன் முயன்றான்.

"பலகை முறிஞ்சிட்டு" என்றது வாய். "நான் விளிம்பைப் பிடிச்சித் தொங்குதேன். கண்ணுக்கு நேரா ஒரு குருவிக்கூடு. ஏலே சௌந்தரம், கையக் குடுலேன்னேன். குனிஞ்சான். தூக்கிவிடத்தான் குனியுதான்னு நெனச்சேன்."

"பொறவு?"

கால்களால் தரையைத் தேடினான். தரை இல்லை. சிமெண்டுத் தரை கண்ணுக்குத் தெரிந்தது. காலுக்குத் தட்டுப்படவில்லை. நாற்காலியின் கைகளை இறுகப் பற்றிக்கொண்டான். கீழே வெறும் காற்று. ஆழத்திலிருந்து ஏறிவரும் காற்று.

"விரலைப் பிரிச்சான், பூரணம். ஒவ்வொண்ணா. சுண்டுவிரலைத்தான் முதல்ல பிரிச்சான்."

வலது கையில் அவனுடைய சுண்டுவிரல் தானாக எழுந்தது.

தொட்டவர் யாருமில்லை. மேலே எழுந்தது. நின்றது. பின்பக்கமாகச் சாயத் தொடங்கியது. மெதுவாக. இன்னும் மெதுவாக. சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம்.

அலற நினைத்தான். அலற வாய் அவனிடம் இல்லை. அது நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தது.

"விழுந்ததோட முடியலட்டி. உயிர் உடனே போகல. அங்கன ரொம்ப நாள் கிடந்தேன். அம்புட்டும் சொல்லுதேன் கேளு."

"நான் எங்கயும் போவல அத்தான். சொல்லுங்க."

ஞானபூரணம் விளக்கின் திரியை ஏற்றினாள். நன்றாகத் தெரியட்டும் என்று அதை அவன் கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். முகவாயை முழங்காலில் ஊன்றிக்கொண்டாள்.

மோதிர விரல் எழுந்தது.