இழப்பு ஏதுமில்லை

காலை ஆறு மணிக்கு யாழரசி தொழிற்சாலை வாசலில் நின்று வலது மணிக்கட்டை நீட்டினாள். சுவரில் இருந்த கருவி பச்சை காட்டியதும் விரல்களுக்கு முழு பலம் வந்தது. மாலையில் வெளியேறும்போது அது பாதியாகக் குறைந்துவிடும். சோறு பிசையலாம், குடம் தூக்க முடியாது. அந்தக் கைக்கு மீள்கை என்று பெயர். அது நிர்வாகத்தின் சொத்து.

ஒரகடம் பக்கத்தில், கார்க் கதவுகளுக்குத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் அது. வேலை செய்த நாற்பது பேரில் இருபத்தேழு பேருக்கு மீள்கையோ மீள்விரலோ இருந்தது. ஆனால் பதினோரு ஆண்டுகளாக அங்கே ஒரு விபத்துகூடப் பதிவாகவில்லை. சட்டம் அப்படி. மூன்று நாளுக்குள் நிர்வாகம் உறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தொழிலாளிக்கு இழப்பு ஏதுமில்லை. இழப்பு இல்லையென்றால் விபத்தும் இல்லை.

யாழரசியின் கை போன ஆடியில் போனது. குறுக்கே கை வந்தால் இயந்திரத்தை நிறுத்த ஐந்தாம் பிரஸ்ஸில் ஓர் ஒளித்திரை உண்டு. அடிக்கடி நின்று உற்பத்தி குறைகிறது என்று அதை அணைத்து வைத்திருந்தார்கள். மயக்கம் தெளிந்தபோது அவளுக்குப் புதுக் கை இருந்தது. நான்காம் நாள் அதே பிரஸ்ஸுக்கு வந்தாள்.

போன வாரம் அங்கேயே மும்தாஜுக்கு இரண்டு விரல் போனது. புது விரல்களோடு வந்தவள் யாழரசியிடம் மெல்லச் சொன்னாள். "போன விரலு வலிக்குதுக்கா. யாருகிட்ட போய்ச் சொல்றது?"



இன்று ஆண்டு ஆய்வு. மேசைக்குப் பின்னால் அரசு ஆய்வாளர் ஹெலன் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவரும் இரண்டு கைகளையும் காட்டி, "இழப்பு ஏதுமில்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

யாழரசி முறை வந்தது. மணிக்கட்டின் அடியில் இருந்த பூட்டை அழுத்தி, கையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு ஒரு கை இல்ல மேடம்."

மேலாளர் கோதண்டராமன் வேகமாக வந்தார். "யாழரசி, எடுத்து மாட்டு. கழட்டினா அஞ்சு நிமிஷத்துல இணைப்பு அறுந்துடும். அப்புறம் எந்தக் கையும் உனக்கு ஒட்டாது."

"தெரியும் சார்."

"புள்ளைங்க இருக்கு உனக்கு. யோசிச்சுக்கோ."

"அஞ்சாம் பிரஸ்ல ஒளித்திரை இன்னிக்கும் அணைஞ்சுதான் கிடக்கு. முதல்ல அதைப் போடுங்க."

ஹெலன் மேலாளரைப் பார்த்தார். பிறகு திரையில் விபத்துப் படிவத்தைத் தேடினார். அதை அவர் இதுவரை திறந்ததே இல்லை. தேடுவதற்குள் மேசைமேல் கழற்றி வைத்த கையின் விரல்கள் ஒருமுறை நடுங்கி அடங்கின.

"என்ன இழந்தீங்க?"

"வலது கை. மணிக்கட்டுக்குக் கீழ முழுசா."

அதைச் சொல்லும்போதே கண்ணீர் வழிந்தது. கை போன இத்தனை மாதத்தில் அதற்காக அவள் அழுதது அதுதான் முதல் தடவை. யாரும் அவளை அழ விட்டதில்லை. கண்ணைத் துடைக்காமல், இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

பின்னால் மும்தாஜ் விரல்களைக் கழற்றும் சத்தம் கேட்டது. எல்லோரும் கழற்றவில்லை. சிலர் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். யாழரசியோடு சேர்த்து ஒன்பது பேர் கழற்றினார்கள். மதியத்துக்குள் ஐந்தாம் பிரஸ்ஸுக்கு ஹெலன் சீல் வைத்தார். கோதண்டராமன் அந்த ஒன்பது பேரையும் இடைநீக்கம் செய்தார்.

வாசலில் அவள் கணவன் தணிகைவேல் வண்டியோடு காத்திருந்தான். கையில்லாத மணிக்கட்டைப் பார்த்துத் திடுக்கிட்டான்.

"நல்லா வேலை செஞ்ச கையாச்சே. ஏன் விட்டுட்டு வந்த?"

"அது நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் யாழரசி, பின்னால் ஏறி உட்கார்ந்தபடி. "என் கைதான் போயிடுச்சு. அதை இன்னிக்குத்தான் எழுதினாங்க."