முதுகு கொடுத்த நாள்

ரயிலிலிருந்து இறங்கிய மினோரியைப் பார்த்துச் சிஸுரு வாய் கொள்ளாமல் சிரித்தாள். ஆனால் கை அசைக்கவில்லை.

ஒற்றைப் பெட்டி ரயில் வந்து போகும் மலை ஸ்டேஷன் அது. அன்று அங்கே இறங்கியவள் மினோரி ஒருத்திதான். பிரேசிலில் வாழ்க்கைப்பட்டுப் பதினொரு வருஷம் கழித்து ஊர்ப்பக்கம் வருகிறாள். இரண்டு கையையும் வீசி ஆட்டிக்கொண்டே ஓடினாள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, ஒரே சைக்கிள், ஒரே திட்டு என்று வளர்ந்தவர்கள் இருவரும். சிஸுருவோ கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்து, இடுப்பை வளைத்து, நின்ற இடத்திலேயே நின்றாள். நாற்பத்திரண்டு வயதுக்கு அந்தக் கூன் ரொம்ப அதிகம்.

"என்னடி இது, எனக்கு முன்னாடியே கிழவியாயிட்ட?"

"நீ வந்து இந்த மலையில குப்பை கொட்டிப் பாரு. அப்புறம் பேசுடி."

மினோரி காப்பித்தூள் பொட்டலத்தை நீட்டினாள். சிஸுரு ஒரு கையை மட்டும் முன்னால் கொண்டுவந்து வாங்கினாள். மற்றது பின்னாலேயே இருந்தது. ஒற்றைக் கையால் பரிசு வாங்கினால் அன்று முழுக்கச் சோறு போடாத அம்மாக்களிடம் வளர்ந்தவர்கள் இவர்கள். மினோரிக்குச் சுருக்கென்றது. இடுப்பு வலி போலிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அன்று ஓபோன் பண்டிகையின் முதல் நாள், செத்தவர்கள் வீட்டுக்கு வரும் நாள். கணவன் ஆண்ட்ரேயையும் ஆறு வயது மகள் எமாவையும் மாட்சுமோட்டோ நகரத்து விடுதி ஒன்றில் விட்டுவிட்டு, சாயங்கால ரயிலில் திரும்பிவிடுவதாக வாக்குக் கொடுத்துக் கிளம்பியிருந்தாள். எமா அழவில்லை. விடுதி வாசலில் குந்தி, முதுகைக் காட்டி, "ரொம்ப நடக்காதம்மா. களைச்சுப் போனா சொல்லு, நான் உன்ன உப்பு மூட்டை தூக்கறேன்" என்றாள். மினோரி அந்தத் தோளில் இரண்டு விரலை வைத்து, "அடேங்கப்பா, என்ன பலம்!" என்று போக்குக் காட்டிவிட்டு வந்தாள். குருவிக்கூடு மாதிரி அத்தனை சின்னத் தோள்.

ஊருக்குள் நடந்தார்கள். சில்வண்டுகள் காதைக் கிழித்தன. வெயிலில் வெட்டிப்போட்ட புல்லின் வாசனை, வாய்க்காலில் ஓடும் குளிர்ந்த தண்ணீரின் வாசனை, இவற்றுக்கு நடுவே சிஸுருவின் பக்கமிருந்து மட்டும் வலிக்கு ஒட்டும் மருந்துத்துணியும் கற்பூரமும் கலந்த ஒரு நெடி விட்டு விட்டு வந்தது. வழியில் சோயாக்கட்டி விற்கும் தோஃபு கடைக்காரம்மா, சிஸுரு கேட்ட பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து கடைக்குள் போனாள். போகும்போது சிஸுருமேலிருந்து பார்வையை எடுக்கவில்லை. பாதையோரம் புல் வெட்டிக்கொண்டிருந்த ஆண்கள் இவர்களைக் கண்டதும் அரிவாளைப் போட்டுவிட்டு மதிலோடு முதுகை ஒட்டி நின்று தலை குனிந்தார்கள். கடந்து போகும்வரை ஒருவரும் திரும்பவில்லை.

"உங்க ஊர்ல மரியாதை ஜாஸ்திடி," என்றாள் மினோரி.

"ஆமா," என்றாள் சிஸுரு. "எனக்கு யாரும் முதுகு காட்ட மாட்டாங்க."

வீடு பழையது, வாசல் நிலையெல்லாம் நல்ல உயரம். சிஸுரு குள்ளச்சி, பள்ளியில் முதல் வரிசையில் நிற்பவள். ஆனால் ஒவ்வொரு வாசலைக் கடக்கும்போதும் முழங்காலை மடித்து, தலையை நெஞ்சுக்குள் இழுத்து, நன்றாகக் குனிந்துதான் நுழைந்தாள். முதல் தடவை மினோரிக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது தடவை வரவில்லை.

சாப்பிடும்போதும் அப்படித்தான். வலது கையால் இரண்டு வாய் சோபா நூடுல்ஸ். பிறகு அந்தக் கை பின்னால் போய் இடது கை முன்னால் வரும். ஏதோ நழுவிவிடாமல் பார்த்துக்கொள்வது போலிருந்தது. சுவரில் சாயவே இல்லை.

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்காம்." சிஸுரு சிரித்தாள். "என் வீட்டுக்காரரு லாரி ஓட்டிக்கிட்டு வடக்கே போனவரு, திரும்பி எட்டிப்பாக்கவே இல்ல. லாரியே வீடாயிடுச்சு. மாமியார் போனதுக்கப்புறம் இந்த வீட்டுல நான் மட்டும்தான்னு வெச்சுக்கயேன்."

அந்த 'வெச்சுக்கயேன்' மினோரிக்குப் பிடிக்கவில்லை.

சாமி மேடையில் மாமியார் ஃபூமியின் படம். இறுகிய வாய், எலிக்குஞ்சு கண். படுத்த படுக்கையாகக் கிடந்த காலம் முழுக்கச் சிஸுருதான் அவளை முதுகில் சுமந்து கழிப்பறைக்கும் குளியலறைக்கும் கொண்டுபோனாள் என்று மினோரி கடிதத்தில் படித்திருக்கிறாள். படத்துக்கு முன்னால் பழம், பொரித்த இனிப்பு உருண்டை, பூ எல்லாம் இருந்தன. குச்சி குத்திச் செய்த வெள்ளரிக்காய்க் குதிரையும் கத்தரிக்காய் மாடும் இல்லை. வருகிறவர்கள் சீக்கிரம் வரக் குதிரை, மெதுவாகப் போக மாடு. பரம ஏழை வீட்டிலும் அந்த இரண்டு காயும் இருக்கும்.

"குதிரை வைக்க மறந்துட்டியேடி."

"மறக்கல," என்றாள் சிஸுரு. பாத்திரத்தை ஒற்றைக் கையால் எடுத்துக்கொண்டு சமையல் கட்டுக்குப் போய்விட்டாள்.

வெயில் தாழ்ந்ததும் கல்லறைக்குக் கிளம்பினார்கள். இந்தப் பக்கத்து வழக்கம் மினோரிக்கும் தெரியும். சின்ன வயதில் அப்பாவோடு எத்தனையோ தடவை போயிருக்கிறாள். கல்லுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, கையைப் பின்னால் கோத்து, 'ஏறிக்கோங்க' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். செத்தவரை உப்பு மூட்டையாக வீட்டுக்குத் தூக்கி வந்து, சாமி மேடை முன் 'இறங்குங்க' என்று சொல்ல வேண்டும். பண்டிகை முடிந்ததும் அதே மாதிரி தூக்கிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வர வேண்டும். அப்பா வேண்டுமென்றே தள்ளாடி, "உங்க தாத்தா செத்தும் இளைக்கலடி" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள்.

சிடார் மரங்களுக்கு நடுவே கல்லறைகள். மற்ற குடும்பங்கள் ஏற்கனவே வந்து போயிருந்தன. ஊதுபத்திப் புகை மட்டும் மிச்சமிருந்தது. சிஸுரு கல்லைக் கழுவினாள். பூ வைத்தாள். பிறகு நின்றுகொண்டே இருந்தாள்.

"என்னால குந்த முடியலடி," என்றாள். ஒற்றைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கு ஒரு நாளைக்கு நீ தூக்கிக்கிறியா?"

"இதுக்குப் போய் அழறியா, லூசு?" மினோரிக்கு மனசு இளகிவிட்டது. காலையிலிருந்து இவள்மேல் என்னென்ன சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாகவும் இருந்தது. குந்தினாள். கையைப் பின்னால் கோத்தாள். தனக்கும் கல்லுக்கும் நடுவில் சிஸுரு வந்து நிற்பது அவளுக்குத் தெரிந்தது. மருந்துத்துணி நெடி கழுத்துக்கருகே வந்தது.

"அம்மா, நான் சிஸுருவோட சிநேகிதி. கொஞ்சம் குண்டுதான், வசதியா இருக்கும். ஏறிக்கோங்க."

சில்வண்டுகள் நின்றன.

பின்னால் சிஸுரு மூச்சுவிட்டாள். நீளமான மூச்சு, ஒரு மனுஷிக்குள் அவ்வளவு காற்று இருக்குமா என்னும்படி.

மினோரியின் கைகளில் ஏதோ வந்து அமர்ந்தது.

கனம் பெரிதில்லை. நோயாளியின் கனம். உள்ளங்கைக்குள் இரண்டு எலும்புத் தொடைகள். முதுகெலும்போடு ஒட்டி ஒரு சில்லிட்ட வயிறு. காதருகே பல்செட் ஒருமுறை 'க்ளக்' என்று தட்டியது.

திரும்பிப் பார்த்தாள். சிஸுரு நிமிர்ந்து நின்றாள். இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கி, விரல்களை விரித்து விரித்து மூடிப் பார்த்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"பழக்கமில்லாம தூக்கறதுதான், ஒண்ணுமில்ல," என்றாள் சிஸுரு. "நடடி. வீட்டுக்குப் போயிடலாம்."

மினோரி நடந்தாள். மனப்பிராந்தி, வெயில், பழைய ஞாபகம் என்று வரிசையாகக் காரணம் சொல்லிப் பார்த்தாள். வழியில் தோஃபு கடைக்காரம்மா வாசலில் நின்றாள். காலையில் சிஸுருவைப் பார்த்த அதே பார்வையால் இப்போது மினோரியைப் பார்த்தாள். மெல்லச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

வீட்டு வாசலை மினோரி சாதாரணமாகக் கடந்தாள். நிலையின் மேல்கட்டைக்கும் அவள் தலைக்கும் நடுவில் ஒரு முழம் இடம் இருந்தது.

'டொக்.'

தலைக்கு மேலே. மரத்தில் மண்டை மோதும் சத்தம். பின்கழுத்தில் முனகல்.

"குனிஞ்சு வரணும்," என்றாள் சிஸுரு மெதுவாக. "இல்லாட்டி அவங்களுக்குக் கோபம் வரும்."

மினோரி ஓடினாள். சாமி மேடைக்கு முதுகைக் காட்டி விழுந்து குந்தினாள். "இறங்குங்க. வந்தாச்சும்மா. இறங்குங்க." கோத்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை. கழுத்தைச் சுற்றி இரண்டு காய்ந்த கைகள் வந்து இறுக்கமாகக் கட்டிக்கொண்டன.

"இறங்கலடி சிஸுரு. இறங்க மாட்டேங்கறாங்க."

"எனக்கும் இறங்கல." சிஸுரு எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். "முதல் ஓபோனுக்குக் கூட்டிட்டு வந்தேன். முடிஞ்சு திருப்பிக் கொண்டுபோயி, இறங்குங்கன்னு கெஞ்சினேன். மூணு வருஷமா கெஞ்சறேன். கோயில்ல மந்திரம் சொல்லிப் பாத்தாச்சு. குப்புறப் படுத்துத்தான்டி தூங்குவேன். தூங்கினா காதுல 'கழிப்பறைக்குக் கூட்டிட்டுப் போ'ம்பாங்க."

"திருப்பி வாங்கிக்கோ. எனக்குக் குழந்தை இருக்குடி!"

"தானா ஏறாது மினோரி. முதுகக் காட்டிக் குந்தி, வாயால ஏறிக்கோன்னு யாராவது சொல்லணும். மனசாரச் சொல்லணும்." சிஸுரு பாயில் நெற்றி படிய விழுந்து வணங்கினாள். அப்போதும் சுவரை விட்டு நகரவில்லை. "நான் சொல்ல மாட்டேன். என்ன மன்னிச்சுடு. என்னால முடியல."

அவளை அடிக்க வேண்டும்போல் மினோரிக்கு இருந்தது. அடிக்கக் கை வரவில்லை. கை பின்னால் இருந்தது.

வீடுகளின் வாசலில் பூர்ச்ச மரப்பட்டை எரிந்துகொண்டிருந்தது, செத்தவர்களுக்கு வழிகாட்ட. அந்தக் கரும்புகைக்கு நடுவே மினோரி ஸ்டேஷனுக்கு ஓடினாள். ஓட்டமில்லை, வளைந்த நடை. ரயிலில் இருக்கையின் நுனியில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் தன் முகம் மட்டும் தெரிந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது, ஏனென்றால் கன்னத்தில் பட்ட மூச்சு நிற்கவில்லை.

யோசித்தாள். இனி யாரும் 'ஏறிக்கோ' என்று சொல்லப்போவதில்லை. பிரேசிலில் யாருக்கும் இந்த வழக்கமே தெரியாது. ஆகவே இது தன்னோடே போகட்டும். கடல் தாண்டி வரட்டும், குப்புறப் படுத்துத் தூங்கலாம், ஒற்றைக் கையால் சாப்பிடலாம். ஆண்ட்ரேயிடம் இடுப்பு வலி என்று சொல்லலாம். எமாவை மட்டும் இனி முதுகில் ஏற்ற முடியாது. அதை நினைத்தபோது மட்டும் அழுதாள். காதருகே பல்செட் தட்டியது.

மாட்சுமோட்டோ ஸ்டேஷன். டிக்கெட்டை வாசல் மெஷினில் ஒரு விரலால் எப்படியோ நுழைத்தாள். அந்தப் பக்கம் ஆண்ட்ரே கை அசைத்தான். எமா ஓடி வந்தாள்.

ஓடி வந்தவள் நின்றாள். அம்மாவின் கூனைப் பார்த்தாள். ஈர முகத்தைப் பார்த்தாள்.

"ரொம்ப நடந்தியாம்மா?"

வராதே, என்று சொல்ல மினோரி வாயைத் திறந்தாள். ஒரு சின்னக் காய்ந்த உள்ளங்கை அவள் வாயைப் பொத்தியது. கற்பூர நெடி. மூச்சு முட்டியது. தலையை ஆட்டினாள். இல்லை. இல்லை. எமாவுக்குச் சிரிப்பு வந்தது. காலையில் ஆடிய ஆட்டம் என்றே நினைத்தாள். திரும்பினாள். முதுகைக் காட்டினாள்.

குந்தினாள்.

"நான்தான் சொன்னேன்ல." கையைப் பின்னால் கோத்தாள். "நான் தூக்கறேன். ஏறிக்கோ."

வாயிலிருந்து கை விலகியது. கழுத்திலிருந்து கை விலகியது. மினோரியின் விரல்கள் தாமாகப் பிரிந்தன. முதுகு நிமிர்ந்தது, அத்தனை சுகமாக. மார்பிலிருந்து நீளமான ஒரு மூச்சு அவளைக் கேட்காமலே வெளியே போனது.

இரண்டு கையும் இப்போது சும்மா இருந்தன. நீட்டிப் பிள்ளையைப் பற்றினாள். கையில் அகப்பட்டது எமா மட்டும்தான், அவள் முதுகில் இருந்தது அகப்படவில்லை.

எமா மெதுவாக எழுந்தாள். முழுதாக எழவில்லை.

"என் முதுகுக்கே வந்துடுங்கம்மா," என்று மினோரி கத்தினாள். குந்தினாள், முதுகைக் காட்டினாள், "ஏறிக்கோங்க, ஏறிக்கோங்க" என்று ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கக் கூவினாள். ஒன்றும் வந்து ஏறவில்லை. சின்னத் தோள் அதற்குப் பிடித்துவிட்டது.

"பாரேன், அம்மாவும் பொண்ணும் போடற கூத்த," என்று ஆண்ட்ரே சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தான்.

எமா அவன் பின்னால் போனாள். உள்ளங்கை இரண்டும் முதுகுக்குப் பின்னால், மேல்நோக்கி. ஸ்டேஷன் வாசல் லாரி நுழையும் அளவு உயரம். வாசலுக்கு வந்ததும் எமா நின்றாள், முழங்காலை மடித்தாள், தலையை நெஞ்சுக்குள் இழுத்துக்கொண்டு, நன்றாகக் குனிந்து, வெளியே போனாள்.