மேசை இழுப்பறையில் வைத்த கடிகாரம்

காலை ஒன்பதரை மணிக்கு அந்த வீட்டில் ஒரு தங்கக் கடிகாரம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பத்துக்குப் போலீஸ் வந்தது. அந்த வாசற்படியில் போலீஸ் கால் வைத்தது அதுவே முதல் தடவை.

கடிகாரம் வீட்டுப் பெரியவருடையது. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் தெருவில் அவருக்கு அளவையர் என்றே பேர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. தகப்பனார் விட்டுப் போன சங்கிலிக் கடிகாரம் ஒன்று இருந்தது. பகலெல்லாம் அது அவர் சட்டைப்பையில் இருக்கும்.

இன்ஸ்பெக்டர் வணக்கம் சொல்லிக்கொண்டே அறைக்குள் வந்தபோது அளவையர் எழுந்து நின்று வணங்கினார். சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை.

"உட்காருங்கம்மா" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

அந்த நாற்காலியில் திருகாணிப் பெட்டி ஒன்று இருந்தது. இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டார்.

"எங்கே வச்சிருந்தீங்க?"

"மேசை இழுப்பறையில. நேத்து ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி."

"இல்லைன்னு எப்பப் பார்த்தீங்க?"

"காலையில. திறந்து பார்த்தேன். இல்லை."

"வேற யாராவது இழுப்பறையைத் தொட்டாங்களா?"

அளவையரின் தம்பி முந்திக்கொண்டார். "யாரும் தொடலை மேடம். கடிகாரம் எங்கேன்னு அண்ணனைக் கேட்டேன். இழுப்பறையில இருக்குன்னார். எடுத்துத் தரேன்னேன். வேணாம், இப்பத்தான் பார்த்தேன், காணோம்னார். உடனே உங்களுக்குப் போன் போட்டேன். நீங்க வர்ற வரைக்கும் எதையும் தொடக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?"

தம்பி வெளியூர்க்காரர் ஆகிவிட்டவர். வீட்டைச் சீர்பண்ண வந்து தங்கியிருந்தார். ஓதம் ஏறிய பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்கு முன்னால் இரும்புச் சட்டம் நிறுத்தி, அதில் ஜிப்சம் பலகை முடுக்கி, மேலே பட்டி என்கிற வெள்ளைப் பசையைப் பூசும் வேலை நடந்துகொண்டிருந்தது. முந்தின நாள் காலையில் வடக்குச் சுவரின் பட்டியைத் தேய்த்து முடித்து, மதியம் கிழக்குச் சுவருக்குப் பலகை அடித்துப் பூசியாகியிருந்தது. தேய்த்த மாவு அறை முழுக்க இறங்கியிருந்தது. ஒருவரும் இன்னும் துடைக்கவில்லை.

அந்த அறையில் வேலை செய்தவர் ஒருவர்தான். பூச்சு மேஸ்திரி. காலையில் முதலில் வந்து கதவைத் திறந்தவரும் அவரே. வாசல் ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டரோடு வந்த ஏட்டையா அவர் பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"கரண்டி, மட்டப்பலகை, ஒரு சீப்பு. தலையில முடியே இல்லை, சீப்பு எதுக்குய்யான்னா, பழக்கம்ங்கறான் மேடம்."

"நான் எடுக்கல மேடம்" என்றார் மேஸ்திரி. "இந்தத் தெருவில நாலு வீட்டு வேலை என் கையில இருக்கு. இப்பவே எதிர் வீட்டம்மா கதவைச் சாத்திட்டாங்க."

"நேத்து வேலையில ஏதாவது வித்தியாசம் நடந்ததா?"

"ஒண்ணுதான். கிழக்குச் சுவர்ல ஈரப் பட்டி மேல யாரோ கையைத் தேய்ச்சு வச்சிருக்காங்க. வாசல்ல இருந்து ஸ்விட்ச் ஓட்டை வரைக்கும் ஒரே கோடு. காலையில பார்த்ததும் வயிறு எரிஞ்சுது. அதுக்கு மேல பூசத்தான் கலவை போட்டேன், அதுக்குள்ள இந்தக் கூத்து."

"ஸ்விட்ச் ஓட்டை ஏன் அந்த இடத்துல?"

"அங்க பழைய சுவர்ல ஒரு மாடம் இருக்கு மேடம். மாடத்தை மூடாதேன்னு ஐயா சொன்னார். மூடித்தான் ஆகணும்னு தம்பி ஐயா சொன்னார். ரெண்டு பேருக்கு நடுவுல நான் என்ன பண்ணுவேன்? மாடம் ஏற்கெனவே குழிவா இருக்கறதால வயரை அது வழியா விட்டாச்சு. நேத்து வெறும் ஓட்டைதான் இருந்தது. இன்னிக்குக் காலையில வந்ததும் ஸ்விட்ச் தகட்டை முடுக்கினேன்."

இன்ஸ்பெக்டர் திரும்ப அறைக்குள் போனார். கைத்தடம் நெஞ்சு உயரத்தில் சீராக ஓடி, தகட்டின் அருகே நின்றது. பிறகு மேசையருகே குனிந்தார். இழுப்பறைக் குமிழைத் தொடவில்லை. பார்த்தார். ஏட்டையாவையும் பார்க்கச் சொன்னார்.

"மாவு மேடம். வேறென்ன?"

"அவ்வளவுதான்" என்றார் இன்ஸ்பெக்டர். திரும்பித் தம்பியிடம், "இந்த வீட்டுல உங்க அண்ணன் தனியாவா இருக்கார்?"

"ஆமா. தன்னால முடியற வரைக்கும் இங்கே, முடியாமப் போனா முதியோர் இல்லம். சொந்தக்காரங்க முன்னாடி அவரே ஒத்துக்கிட்ட பேச்சு. இதுவரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது."

இன்ஸ்பெக்டர் அளவையரைத் தவிர எல்லோரையும் வெளியே அனுப்பினார். அளவையருக்கு எதிரே வந்து, சத்தம் போடாமல், தன் கையை அவர் முகத்தருகே உயர்த்தி இறக்கினார். இமை அசையவில்லை.

"ஐயா, இந்த வீட்டுல திருடன் யாரும் இல்லை."

அவர் கை காலியான சட்டைப்பைக்குப் போனது.

"அந்த இழுப்பறையை நேத்து யாரும் திறக்கல. இன்னிக்கும் திறக்கல. குமிழ் மேல மாவு அப்படியே இருக்கு, ஒரு விரல் பட்ட அடையாளம் கிடையாது. கண் தெரியறவங்க பொய் சொல்றதா இருந்தா, மாவைப் பார்த்ததும் ஒரு தடவை இழுத்து மூடியிருப்பாங்க. உங்களுக்கு அங்க மாவு இருக்கறதே தெரியாது. பெட்டி இருந்த நாற்காலியில என்னை உட்காரச் சொன்னீங்க. உங்க நகக்கண்ணுல இன்னும் பட்டி இருக்கு."

அளவையர் விரல்களை மடக்கிக்கொண்டார்.

"ராத்திரி வழக்கம்போலச் சுவரைத் தடவிட்டுப் போனீங்க. தினம் ராத்திரி கடிகாரம் வைக்கற மாடம் இருந்த இடத்துல ஓட்டை இருந்தது. கையை விட்டு வச்சீங்க. ஆனா பலகைக்கும் சுவருக்கும் நடுவுல ரெண்டு விரல் சந்து. கடிகாரம் அதுக்குள்ள விழுந்திருக்கு."

"விழுந்த சத்தம் கேட்டுது" என்றார் அளவையர். குரல் நிமிர்ந்தே இருந்தது. "கை பட்டதும் சந்தோஷப்பட்டேன். சொன்ன சொல்லைக் கேட்டு மாடத்தை விட்டு வச்சிருக்காங்கன்னு. அப்புறம்தான் சத்தம். காலையில அவன் கேட்டதும் வாயில வந்ததைச் சொன்னேன். போலீஸ் வரைக்கும் போவான்னு நினைக்கல."

"எவ்வளவு நாளா தெரியல?"

"ஓரம் கொஞ்சம் தெரியும். அதுவும் இந்த மழைக்காலத்தோட போச்சு."

வெளியே ஏட்டையா மேஸ்திரியை ஜீப்பில் ஏறச் சொல்வது கேட்டது.

"புகாரைத் திரும்ப வாங்கிக்கறேன்மா. தொலைஞ்சது தொலைஞ்சதா இருக்கட்டும். சுவருக்குள்ளயே கிடக்கட்டும்."

"கிடைக்காமப் போனா பழி அவர் மேலதான் நிக்கும். நாளைக்கு எந்த வீட்டுல அவரை உள்ளே விடுவாங்க?"

அளவையர் நகக்கண்ணில் இருந்த பட்டியைச் சுரண்டினார். இன்ஸ்பெக்டருக்கும் வேறு வழி தெரியவில்லை. பலகையை அறுத்தால் கடிகாரம் வரும். கடிகாரம் வந்தால் அது எப்படி அங்கே போனது என்ற கேள்வி வரும். அறுக்காவிட்டால் ஒரு மனிதனின் பிழைப்புப் போகும்.

"தம்பியைக் கூப்பிடுங்க. மேஸ்திரியையும்" என்றார் அளவையர்.

இருவரும் வந்தார்கள். காலடி நின்ற பிறகே அளவையர் பேசினார்.

"மேஸ்திரி எடுக்கல. நான்தான் சுவருக்குள்ள போட்டேன். எனக்குக் கண் தெரியல. நான் இந்த வீட்டுலயே இருக்கறதுக்காக இன்னொருத்தன் பேரைக் கெடுக்கறது நம்ம வழக்கத்துல இல்லை." பிறகு மேஸ்திரி நின்ற பக்கம் என்று நினைத்து, சற்றே வேறு பக்கம் திரும்பிச் சொன்னார். "மன்னிச்சுக்கப்பா."

"ஐயா, என்னங்க இது" என்றார் மேஸ்திரி.

தம்பி தன் அண்ணன் முகத்தை, சின்ன வயதில் நிமிர்ந்து பார்க்கவே பயந்த அந்த முகத்தை, முதல் தடவையாகக் கூச்சமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி பலகையின் அடியில் ஒரு சதுரம் அறுத்தார். கையை விட்டார். கடிகாரம் உடைந்த காரைத் துண்டுகளுக்கு நடுவே கிடந்தது. துடைத்து அளவையர் உள்ளங்கையில் வைத்தார். எதிர் வீட்டம்மாளுக்குக் கேட்கும்படி ஏட்டையா தெருவில் நின்று உரக்கச் சொன்னார், பொருள் வீட்டுக்குள்ளேயே இருந்தது என்று.

தம்பி கூடத்துக்குப் போய் யாருக்கோ போன் செய்தார்.

"ஒருத்தர்தான். என் அண்ணன்... இல்லை, கண் சுத்தமாத் தெரியாது. தனியா விட முடியாது... கீழ்த்தளத்துல இடம் இருக்கா? இந்த வாரமே கூட்டிட்டு வரலாமா?"

அளவையர் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் மெதுவாகப் போய் அறைக் கதவைச் சாத்த முயன்றார்.

"திறந்தே இருக்கட்டும்மா" என்றார் அவர். "என்னைப் பத்தித்தானே பேசறான்."